டிரெட்மில் அறிக்கையில் கடைசி வரிக்கு மேலே இருப்பவை

டி.எம்.டி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் டிரெட்மில் பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்ததும், நோயாளியும் உடன் வந்த குடும்பத்தினரும் முதலில் தேடுவது அதன் கடைசி வரியைத்தான். 'நெகட்டிவ்' என்றிருந்தால் நிம்மதி. 'பாசிட்டிவ்' என்றிருந்தால் கலக்கம். எப்படியிருந்தாலும் தாள் உறைக்குள் போய்விடுகிறது. மேலே வரிசையாக அச்சாகியிருக்கும் எண்களை எவரும் படிப்பதில்லை. நீண்டகால உடல்நலத்தைப் பற்றி அத்தாள் சொல்லும் செய்திகளில் பெரும்பகுதி அந்த எண்களில்தான் இருக்கிறது என்பதால், அவற்றைப் படிக்கும் முறையை இங்கே விளக்க விரும்புகிறோம்.

கடைசி வரி ஒரே ஒரு கேள்விக்கு விடை தருகிறது. உழைப்பு கூடும்போது இதயத் தசைக்குப் போதிய இரத்தம் செல்லவில்லை என்பதற்கான அடையாளம் ஈ.சி.ஜி.யில் தென்பட்டதா, இல்லையா? இது முக்கியமான கேள்வி என்பதில் ஐயமில்லை. ஆனால் 'இன்னும் பத்து ஆண்டுகளில் நான் எப்படி இருப்பேன்' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'இல்லை' என்ற விடை கிடைத்ததை இரண்டாம் கேள்விக்கும் கிடைத்த நல்ல விடையாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பரிசோதனை நடைபெறும் முறையைச் சற்றே நினைவுகூர்வோம். பெரும்பாலான மருத்துவமனைகள் பின்பற்றுவது, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் இராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறை. மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை நடைப்பட்டையின் வேகமும் சரிவும் ஒருங்கே கூடும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். இரண்டாம் கட்டத்தில் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். நான்காவது கட்டத்தில் 6.8 கிலோமீட்டர் வேகத்தில் 16 சதவீத ஏற்றத்தில் ஏற வேண்டியிருக்கும். பலர் அங்கு நடப்பதை விட்டு ஓடத் தொடங்கிவிடுவர்.

எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தீர்கள் என்பதிலிருந்து கணிக்கப்படுவதே அறிக்கையில் 'மெட்' அல்லது 'மெட்ஸ்' என்ற பெயரில் காணப்படும் எண். ஒருவர் சும்மா அமர்ந்திருக்கும்போது, அவருடைய உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது. அதுவே ஒரு மெட். சமதரையில் ஓரளவு விரைவாக நடப்பதற்கு மூன்றரை மெட் அளவு தேவை. புரூஸ் முறையில் முதல் கட்டத்தை முடித்தவர் ஏறத்தாழ 5 மெட், இரண்டாம் கட்டத்தை முடித்தவர் 7 மெட், மூன்றாம் கட்டத்தை முடித்தவர் 10 மெட் அளவை எட்டியிருப்பார். நுரையீரல் ஆக்சிஜனை உள்வாங்க வேண்டும்; இரத்தம் அதைச் சுமக்க வேண்டும்; இதயம் அந்த இரத்தத்தை உந்தித் தள்ள வேண்டும்; நாளங்கள் விரிந்து இடம் கொடுக்க வேண்டும்; கால் தசைகள் அதைப் பயன்படுத்த வேண்டும். இவற்றுள் எது தளர்ந்தாலும் மெட் எண் குறையும். இதயத்தை மட்டும் சோதிப்பதாக நாம் எண்ணும் பரிசோதனை உண்மையில் உடல் முழுவதையும் சோதிக்கிறது.

இந்த எண்ணுக்கும் வாழ்நாளுக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டுள்ளன. கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ மையங்களில் டிரெட்மில் பரிசோதனைக்கு வந்த 6,213 ஆண்களைச் சராசரியாக 6.2 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. ஒவ்வொரு மெட் கூடுதலுக்கும் உயிர்வாழும் வாய்ப்பு 12 சதவீதம் மேம்பட்டிருந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்போர், பருமனானவர்கள் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும், 5 மெட்டைக்கூட எட்டாதவர்களின் இறப்பு அபாயம் 8 மெட்டைத் தாண்டியவர்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இதய நோய் ஏற்கெனவே இருந்தவர்களிடமும் இல்லாதவர்களிடமும் இறப்பை முன்னறிவிப்பதில் மற்ற எல்லா அளவுகளையும் விட இந்த எண்ணே முன்னின்றது.

ஆண்களை மட்டும் ஆராய்ந்து எழுதப்பட்ட முடிவு பெண்களுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. சிகாகோ பகுதியில் எந்த அறிகுறியும் இல்லாத 5,721 பெண்களிடம் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அங்கு ஒவ்வொரு மெட் கூடுதலுக்கும் இறப்பு அபாயம் 17 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வாளர்கள் 2005இல் பெண்களுக்கென ஓர் எளிய கணக்கையும் தந்தனர். வயதை 0.13ஆல் பெருக்கி, அதை 14.7இலிருந்து கழித்தால், அந்த வயதில் எதிர்பார்க்கத்தக்க மெட் அளவு கிடைக்கும். ஐம்பது வயதுப் பெண்மணிக்கு அது 8.2, அறுபது வயதில் 6.9. இந்த அளவில் 85 சதவீதத்தைக்கூட எட்டாத பெண்களின் இறப்பு அபாயம் மற்றவர்களுடையதைப் போல் இரு மடங்கு. அதாவது, ஐம்பது வயதுப் பெண் 7 மெட்டுக்குக் கீழே நின்றுவிட்டால், கடைசி வரி எதுவாயினும் நாங்கள் அவரிடம் இன்னும் சில நிமிடங்கள் அமர்ந்து பேச விரும்புவோம். 'வீட்டு வேலை முழுவதையும் நான்தானே பார்க்கிறேன், அதுவே உடற்பயிற்சி' என்று சொல்லும் பெண்மணிகள் பலர். வீட்டு வேலை அசதியைத் தரும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு இதயத்தைத் தொடர்ந்து உழைக்கவைக்கும் வேலை அதில் குறைவு. அசதியும் பயிற்சியும் ஒன்றல்ல.

'நெகட்டிவ்' என்ற சொல் எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பதைக் காட்ட ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1987இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இது. இதய நாள அடைப்பு இருக்கலாம் என்ற ஐயத்தோடு வருபவர்களுக்காக உருவானது. புரூஸ் முறையில் நடந்த நிமிடங்களை எழுதிக்கொள்ள வேண்டும். ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி எத்தனை மில்லிமீட்டர் மாறியதோ அதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். நெஞ்சு வலியே இல்லையென்றால் சுழியம், வலி வந்தும் நடக்க முடிந்தால் 1, வலியால் நிறுத்த நேர்ந்தால் 2. இதை நான்கால் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். மீதி 5 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம் குறைவு. கழித்தல் 11 அல்லது அதற்கும் கீழே என்றால் அபாயம் மிகுதி. இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் நடுத்தரம்.

இப்போது இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நான்கு நிமிடத்தில் மூச்சு முட்டி நிறுத்திவிட்டார், ஈ.சி.ஜி.யில் மாற்றமில்லை, வலியும் இல்லை. அவருடைய மதிப்பெண் 4. மற்றவர் ஒன்பது நிமிடம் நடந்தார். வலியில்லை, ஆனால் எஸ்.டி. பகுதி ஒரு மில்லிமீட்டர் இறங்கியது. ஒன்பதில் ஐந்து போக, அவருக்கும் 4. முதல்வரின் தாளில் 'நெகட்டிவ்' என்றும் இரண்டாமவரின் தாளில் 'பாசிட்டிவ்' என்றும் அச்சாகியிருக்கும். முதல் வீட்டில் இனிப்பு வாங்குவர். இரண்டாம் வீட்டில் இரவு முழுவதும் உறக்கமிராது. மதிப்பெண்படி இருவரும் ஒரே படியில், நடுத்தர அபாயத்தில் நிற்கின்றனர். இதே இரண்டாமவர் பதினோரு நிமிடம் நடந்திருந்தால், அந்த ஒரு மில்லிமீட்டர் மாற்றத்தோடும்கூடக் குறைந்த அபாயப் பிரிவுக்குப் போயிருப்பார். 1991இல் வெளியான தொடர் ஆய்வில், குறைந்த அபாயப் பிரிவினரில் 99 சதவீதத்தினரும் உயர் அபாயப் பிரிவினரில் 79 சதவீதத்தினரும் நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தனர். 75 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு நன்றாகப் பொருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலும், பாசிட்டிவ் வந்தவர் மருத்துவரைக் காணாமல் இருந்துவிடலாம் என்பது இதன் பொருளன்று. அடுத்த பரிசோதனை எது, எவ்வளவு விரைவில் என்பதை முடிவு செய்யவே இந்த மதிப்பெண் எங்களுக்கு உதவுகிறது.

அடுத்த எண், பரிசோதனை முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைக்கும் நேரத்தில் பதிவாகிறது. பட்டையின் வேகம் குறைந்து, செவிலியர் வியர்வையைத் துடைக்கத் துண்டு நீட்டும் அந்த முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதே அது. உச்சத்தில் 158 துடிப்பாக இருந்து ஒரு நிமிடம் கழித்து 132 ஆனால், இறக்கம் 26. உச்சத்தில் 150 இருந்து 141க்கு மட்டுமே வந்தால், இறக்கம் 9. கிளீவ்லேண்ட் கிளினிக்கின் ஆய்வாளர்கள் 1999இல் 2,428 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பரிசோதனைக்குப் பின் மெதுவாக நடந்தபடி இளைப்பாறும்போது, முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்கள் நான்கில் ஒரு பங்கினர். ஆறு ஆண்டுகளில் அவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களுடையதைப் போல் நான்கு மடங்காக இருந்தது. வயது, மற்ற நோய்கள், ஸ்கேன் முடிவுகள், நடக்கும் திறன் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு திருத்திய பின்னும் இரு மடங்காக நின்றது.

ஒரு நிமிட இறக்கத்தில் இவ்வளவு செய்தி எப்படி அடங்கும்? உடலின் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் முடுக்கும் நரம்புகளும் உண்டு, தணிக்கும் நரம்புகளும் உண்டு. உழைப்பு தொடங்கும்போது தணிக்கும் வேகஸ் நரம்பு விலகிக்கொள்கிறது. உழைப்பு நின்றவுடன் அது திரும்பி வந்து கடிவாளத்தைப் பிடிக்கிறது. முதல் நிமிடத்து இறக்கம் பெரும்பாலும் அதன் வேலைதான். வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்த இதயம் ஆபத்தான துடிப்புக் கோளாறுகளுக்கு எளிதில் ஆளாகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. நீண்டகாலச் சர்க்கரை நோயில் இந்த நரம்புகளே பாதிக்கப்படலாம் என்பதால், அந்நோயாளிகளின் தாளில் இந்த எண்ணை நாங்கள் தவறாமல் பார்க்கிறோம். ஆனால் 12 என்ற எல்லைக்கோடு நடந்தபடி இளைப்பாறுபவர்களுக்கு உரியது. உடனே படுக்கவைத்து எக்கோ எடுக்கப்படுபவர்களுக்கு எல்லை 18 என்று கொள்ளப்படுகிறது. இரண்டு மருத்துவமனைகளின் தாள்களை அருகருகே வைத்து ஒப்பிடும் முன் இதைக் கேட்டறிவது நல்லது.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடக்க நடக்க மேல் இரத்த அழுத்தம் உயர்வது இயல்பு. உயராமல் தொடக்க அளவுக்கும் கீழே இறங்கினால் அது எச்சரிக்கை; பரிசோதனையை அங்கேயே நிறுத்திவிடுவோம். ஆண்களில் 210, பெண்களில் 190 என்ற அளவைத் தாண்டி மிகையாக ஏறினால், இன்று இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தாலும் பின்னாளில் உயர் இரத்த அழுத்தம் வரக்கூடியவர் என்று குறித்துக்கொள்கிறோம். துடிப்பு போதிய அளவு உயரவே இல்லையென்றால் அதுவும் ஒரு குறி. '220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு' என்ற வாய்பாடு வெறும் சராசரி. ஒரே வயதுடைய இருவரிடையே இருபது துடிப்பு வேறுபாடு இருப்பது அதிசயமல்ல.

இங்கே விழிப்பான வாசகர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: அதிக நேரம் நடக்க முடிந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்றால், நடைதான் அவர்களை வாழவைத்தது என்று எப்படிச் சொல்வது? மறைந்திருக்கும் நோய்தான் மற்றவர்களை நடக்கவும் விடாமல், வாழவும் விடாமல் செய்ததோ? மிகச் சரியான கேள்வி. உடல்திறனில் ஒரு பங்கு பிறவியிலேயே அமைவது என்பதும் உண்மை. இந்த ஐயத்துக்கு முழு விடையாக இல்லாவிடினும், நல்ல விடையை நெருங்கிய ஆய்வு டெக்சாஸின் டல்லாஸ் நகரில் கூப்பர் நிறுவனத்தில் நடந்தது. 9,777 ஆண்களுக்குச் சராசரியாக ஐந்தாண்டு இடைவெளியில் இருமுறை டிரெட்மில் பரிசோதனை செய்து, அதன் பிறகு அவர்களைப் பின்தொடர்ந்தனர். முடிவு 1995இல் வெளியாயிற்று. முதல் பரிசோதனையில் திறன் குன்றியவர்களாக இருந்து இரண்டாவதில் முன்னேறியிருந்தவர்களின் இறப்பு அபாயம், இரண்டிலும் குன்றியே இருந்தவர்களைவிட 44 சதவீதம் குறைவு. நடந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடம் கூடியதற்கும் அபாயம் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்தது. (அங்கே பயன்பட்டது புரூஸ் முறையன்று, மெதுவாக ஏறும் வேறொரு முறை. ஆகவே அந்த ஒரு நிமிடமும் நம் தாளிலுள்ள ஒரு நிமிடமும் சமமல்ல.) வயதை மாற்ற முடியாது, பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவை மாற்ற முடியாது, இந்த எண்ணை மாற்ற முடியும். ஒழுங்காகத் தொடரும் பயிற்சியில் சில மாதங்களில் ஒரு மெட் உயர்வது, மாரடைப்பிலிருந்து தேறியவர்கள் உட்படப் பலருக்கும் எட்டக்கூடியதே.

அறிக்கையின் எண் எப்போதெல்லாம் பொய் சொல்லும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். முன்னாலிருக்கும் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நடப்பவரின் எடையில் ஒரு பங்கைக் கைகள் தாங்கிவிடும். இயந்திரம் நிமிடங்களைக் கொண்டு மெட்டைக் கணிப்பதால், அவருடைய உண்மைத் திறனைவிட அதிகமான எண் அச்சாகும். கம்பியை விரல்களால் தொட்டுக்கொண்டு நடக்கும்படி தொழில்நுட்பர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எதிர்பார்த்த துடிப்பில் 85 சதவீதத்தை எட்டியவுடன் சில இடங்களில் பரிசோதனையை முடித்துவிடுவர். நோயாளிக்கு இன்னும் மூன்று நிமிடம் நடக்கத் தெம்பு இருந்திருக்கும், தாளில் குறைந்த மெட் பதிவாகும். முழங்கால் வலியால் நிறுத்தியவரின் எண் முழங்காலைப் பற்றிப் பேசுகிறதே தவிர இதயத்தைப் பற்றி அல்ல. அட்டெனலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குத் துடிப்பு ஏறுவதும் இறங்குவதும் மாறியிருக்கும். ஆகவே 'பரிசோதனை ஏன் நிறுத்தப்பட்டது' என்ற வரி, எங்கள் கருத்தில், கடைசி வரியைவிட முக்கியமானது.

நடைப்பட்டையில் ஏறவே இயலாதவர்களும் இருக்கின்றனர். இதயச் செயலிழப்பும் நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு ஆறு நிமிட நடைப் பரிசோதனை போதுமானது. முப்பது மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் தம் இயல்பான வேகத்தில் முன்னும் பின்னும் நடக்கச் செய்து, ஆறு நிமிடத்தில் கடந்த தொலைவை அளப்போம். இதயச் செயலிழப்பு நோயாளிகளில் 300 மீட்டரைக்கூடக் கடக்க இயலாதவர்கள், 450 மீட்டரைக் கடந்தவர்களைவிட மிகுதியாக இறந்தனர் என்பது 1993ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. கைப்பிடி வலிமையும் ஒரு குறியே. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலிமை 5 கிலோகிராம் குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் 'இரண்டு மாடி நிற்காமல் ஏறுவீர்களா' என்று கேட்பாரே, அது பேச்சுக்காகக் கேட்பது அன்று. மாடிப்படி ஏற ஏறத்தாழ 4 மெட் வேண்டும். அதை அளக்கும் கேள்வி அது.

எண் குறைவாக வந்தவர் மறுநாளே ஓடத் தொடங்க வேண்டாம். முதலில், ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, ஆஸ்துமா, இதய வால்வுக் கோளாறு ஆகியவையும் நடையைக் குறைக்கும். அவற்றுக்குச் சிகிச்சை வேறு. அவையெல்லாம் இல்லையென்று தெளிந்த பின், வாரத்திற்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவை நோக்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லலாம். பத்து நிமிடத்தில் தொடங்கினால்கூடத் தவறில்லை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். கடைத்தெருவில் நின்று நின்று செல்லும் நடை இதில் சேராது. ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் செய்துகொண்டவர்களும் இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் தொடங்குவதே முறை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அங்கேயே நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வீட்டு மாடிப்படியில் ஓடி ஏறித் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் வேலை வேண்டாம்.

பரிசோதனை நாளன்று இரண்டு மூன்று மணி நேரம் முன்பே எளிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். இதய மாத்திரையைப் போட வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். பெண்கள் புடவையைத் தவிர்த்துச் சுடிதார் அணிந்து வருவது நலம். செருப்பைவிடக் கான்வாஸ் காலணி நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய டி.எம்.டி. அறிக்கையைக் கொண்டு வாருங்கள். மேலே சொன்ன எல்லைக்கோடுகள் வேறு நாட்டு மக்களிடம் வகுக்கப்பட்டவை. உங்களுடைய பழைய எண்ணோடு உங்களுடைய புதிய எண்ணை ஒப்பிடுவதே எங்களுக்கு மிகுந்த பயன் தருகிறது. ஈ.சி.ஜி. இயந்திரத் தாளின் எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும். அதனால் அறிக்கை வந்த அன்றே ஒரு நகல் எடுத்து, நடந்த நிமிடம், மெட், உச்சத் துடிப்பு, ஒரு நிமிடம் கழித்த துடிப்பு, நிறுத்திய காரணம் ஆகிய ஐந்தையும் பேனாவால் அதன் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.